கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், பேட்டரியின் நலத்தைக் கேளுங்கள்

எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். நான் எலெக்ட்ரிக் கார் கட்சி. அப்பா எதிர்க்கட்சி. சிங்காநல்லூரில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர் அவர். மோட்டாரைக் கண்டு அவருக்குப் பயமில்லை. பேட்டரி என்றால்தான் முகம் சுருங்கும்.

"ஏங்கண்ணு, போனு பேட்டரியே ரண்டு வருசத்துல படுத்துக்குது. காரு பேட்டரி மட்டும் எத்தன நாளைக்கு வரும்? அதை மாத்தற காசுக்கு இன்னொரு வண்டியே வாங்கிப் போடலாம்" என்பார்.

இந்தக் கேள்வி அப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வாங்கியவர்கள் என எல்லோருக்கும் பேட்டரியால் சூடுபட்ட அனுபவம் ஒன்று இருக்கும். எனவே இந்த மாதம் எலெக்ட்ரிக் கார் பேட்டரி உண்மையில் எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்ப்போம். கூடவே, அதைத் தெரிந்துகொள்ள நமக்கு உள்ள உரிமை பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பயம் எங்கிருந்து வந்தது?

அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, 2010-ம் ஆண்டு வாக்கில், அவர் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். வெளியூரில் எங்கோ பாகங்களைக் கோத்து விற்ற வண்டி அது. அந்தப் பெயரில் இன்று வண்டியே வருவதில்லை. முதல் ஆறு மாதம் ஒண்டிப்புதூர், இருகூர் என்று ஜோராக ஓடியது. ஒன்றரை வருடத்தில் திருச்சி ரோட்டிலேயே பாதி வழியில் நின்றது. சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரிகளை மாற்ற அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டு, அப்பா வண்டியைப் பட்டறை ஓரத்தில் சாய்த்துவிட்டார். கடைசியில் அது பழைய இரும்புக்குப் போனது.

அடுத்து வந்தது மின்வெட்டுக் காலம். 2012-ல் கோவையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. இன்வெர்ட்டர் வாங்காத வீடே இல்லை என்ற நிலை. தினமும் அடிவரை காலியாகி, அரைகுறையாகச் சார்ஜ் ஆகி, நல்ல பேட்டரிகளும் இரண்டு மூன்று வருடத்தில் உயிரை விட்டன.

இவை எல்லாமே லெட் ஆசிட் வகை. அதாவது ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பழைய தொழில்நுட்பம். 2001-ல் பெங்களூரில் இருந்து வந்த ரேவா காரில்கூட முதலில் இருந்தது இந்த வகைதான். லித்தியம் பேட்டரி பொருத்திய ரேவா 2009-ல்தான் வந்தது. லெட் ஆசிட் பேட்டரியை அடிவரை காலி செய்து மீண்டும் நிரப்பினால் சில நூறு முறைக்கு மேல் தாங்காது. இன்று விற்கும் எலெக்ட்ரிக் கார்களில் இருப்பது லித்தியம் அயான். இரண்டுக்கும் பேட்டரி என்று ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்தின் ஆரம்பம். பிளாப்பியும் ஹார்ட் டிஸ்க்கும் தகவலைச் சேமிப்பவைதான். அதற்காக பிளாப்பி கெட்டுப்போன அனுபவத்தை வைத்து ஹார்ட் டிஸ்க்கை எடை போடுவோமா?

போன் பேட்டரி ஏன் சீக்கிரம் சாகிறது?

சரி, போனில் இருப்பதும் லித்தியம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

பேட்டரியை முழுதாகக் காலி செய்து முழுதாக நிரப்புவதை ஒரு சைக்கிள் என்கிறோம். பாதி காலி செய்து நிரப்பினால் அரை சைக்கிள். போனை நாம் அநேகமாகத் தினமும் ஒரு முறை சார்ஜ் செய்கிறோம். எனவே வருடத்துக்குச் சுமார் 300 சைக்கிள். பல போன் பேட்டரிகள் 500 சைக்கிளில் 80 சதவீதம் கொள்ளளவுக்கு வந்துவிடும் வகையில் தயாரிக்கப்பட்டவை. இரண்டு வருடத்தில் கதை முடிவது இதனால்தான்.

இப்போது காரைப் பாருங்கள். காரின் பேட்டரி அளவை கிலோவாட் ஹவர் என்று சொல்வார்கள். பயப்பட வேண்டாம், உங்கள் இ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான் அது. 30 யூனிட் பேட்டரி உள்ள சிறிய எலெக்ட்ரிக் கார், நம் சாலைகளில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். சிங்காநல்லூரில் இருந்து சரவணம்பட்டி அலுவலகம் போய்வர, வழியில் கடை, கோயில் எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு நாளைக்கு 30 கிலோமீட்டர் போதும். வருடத்துக்கு 300 நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். இதை 200 ஆல் வகுத்தால் 45.

வருடத்துக்கு வெறும் 45 சைக்கிள்! போனுக்கு 300, காருக்கு 45. பத்து வருடம் ஓட்டினாலும் 450 சைக்கிள்தான். கார்களில் வரும் லித்தியம் பேட்டரிகள் வகையைப் பொறுத்து ஆயிரம் முதல் இரண்டாயிரம் சைக்கிளுக்கு மேல் தாங்கக்கூடியவை. அப்பாவிடம் இதை எளிதாகச் சொன்னேன்: "போனைத் தினமும் சார்ஜ் போடறோமுங்கப்பா. காரை வாரத்துக்கு ஒருக்கா போட்டாப் போதுமுங்க."

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது. சாதாரண வீட்டு உபயோகத்தில், ஓட்டுவதால் மட்டும் கார் பேட்டரி சாவதில்லை. அப்படியானால் எதனால் வயதாகிறது?

குளத்தில் வண்டல் படிவது போல

எங்கள் சிங்காநல்லூர் குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நல்ல மழைக் காலத்தில் நொய்யலில் தண்ணீர் வந்தால் குளம் கரை வரை நிரம்பும். பார்ப்பவர்கள் குளம் ரொம்பிவிட்டது என்பார்கள். எந்தக் குளத்திலும் வருடா வருடம் அடியில் வண்டல் படிந்தால் என்ன ஆகும்? கரை அதேதான், நிரம்பினால் தெரியும் மட்டமும் அதேதான், ஆனால் உள்ளே நிற்கும் தண்ணீர் குறைவு.

லித்தியம் பேட்டரியிலும் இதுதான் நடக்கிறது. சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்தில் இருந்து நகர்ந்து, மறுபக்கம் உள்ள கிராஃபைட்டுக்குள் போய் உட்கார்கின்றன. அந்தக் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது பேட்டரியைக் காக்கும் படலமும்கூட. ஆனால் அது கனமாகக் கனமாக, வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. வண்டியை ஓட்டாமல் சும்மா நிறுத்தினாலும் இந்தப் படலம் மெதுவாக வளரும். இதை வேகப்படுத்துபவை இரண்டு. ஒன்று வெப்பம். இரண்டாவது, 100 சதவீதம் சார்ஜோடு நாள் கணக்கில் நிறுத்தி வைப்பது. இரண்டும் சேர்ந்தால் இரட்டைக் கேடு.

எப்போதும் சார்ஜரிலேயே செருகி வைத்த லேப்டாப்பின் பேட்டரி, அதிகம் உபயோகிக்காமலே வீணாவதற்கும் காரணம் இதுதான். அது எப்போதும் 100 சதவீதத்தில், சூட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

எனவே கார் பேட்டரிக்கு இரண்டு வயது உண்டு. ஓடிய வயது ஒன்று, பிறந்த வயது ஒன்று. வீட்டுக் காருக்கு இரண்டாவதுதான் பெரிது.

நிஜக் கார்கள் என்ன சொல்கின்றன?

வாகனங்களைக் கண்காணிக்கும் ஜியோடாப் என்ற கனடா நாட்டு நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிக் வண்டிகளின் தகவலைத் திரட்டி ஆராய்ந்தது. வருடத்துக்குச் சராசரியாக 2.3 சதவீதம் கொள்ளளவு குறைகிறது என்று 2020-ல் சொன்னது. 2024-ல் சுமார் ஐயாயிரம் வண்டிகளை ஆராய்ந்தபோது அது 1.8 சதவீதமாக இருந்தது. நாம் எளிதாக 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோமீட்டர் ஓடிய கார், ஐந்து வருடத்தில் 180, பத்து வருடத்தில் 160 கிலோமீட்டர் ஓடும். தினமும் 30 கிலோமீட்டர் போகிறவருக்கு இது ஒரு குறையே அல்ல. சார்ஜ் போடாமல் ஒரே மூச்சில் மதுரை போக நினைப்பவருக்குத்தான் சிக்கல்.

நிறுவனங்களும் இதை நம்பித்தான் வாரண்டி தருகின்றன. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் கார் வந்தபோது பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தார்கள். ஐ.நா. அமைப்பு 2022-ல் வகுத்த உலகத் தரமும் இதை ஒட்டியதே. ஐந்து வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டரில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அது.

ஆனால் சராசரி என்பது சராசரிதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் நம் வேலூரையும் தோற்கடிக்கும் வெயில் ஊர். 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரை அங்கே வாங்கியவர்கள், 2012 கோடையிலேயே பேட்டரியின் கொள்ளளவு கணிசமாகக் குறைந்ததைக் கண்டார்கள். அந்தக் காரின் பேட்டரியில் தண்ணீர் வழியாகக் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. வாடிக்கையாளர்கள் விடவில்லை. பிறகு நிறுவனம் கொள்ளளவுக்கும் சேர்த்து வாரண்டி அறிவித்தது.

அவர்களால் எப்படிக் கேட்க முடிந்தது தெரியுமா? அந்தக் காரின் டேஷ்போர்டிலேயே, பேட்டரியின் மொத்தக் கொள்ளளவைக் காட்ட 12 கோடுகள் தனியாக இருந்தன. கோடு குறைவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததால் கேட்டார்கள். நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

போன வருடம் அப்பா பட்டறையை மூடினார். கையில் இருந்த சேமிப்பில் ஒரு பகுதியைக் காருக்கு ஒதுக்கலாம் என்று ஒருவழியாகச் சம்மதித்தார். புது எலெக்ட்ரிக் கார் பட்ஜெட்டில் அடங்கவில்லை. பழைய கார் பார்த்தோம். ஒரே மாடலில் இரண்டு கார்கள் கிடைத்தன. இரண்டும் 2021-ல் வாங்கியவை, இரண்டிலும் 30 யூனிட் பேட்டரி.

முதல் கார் என் அலுவலக நண்பருடையது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரண்டாவது, பழைய கார் விற்கும் ஒரு கடையில் இருந்தது. வெறும் 18,000 கிலோமீட்டர். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? கம்மியா ஓடுனதை எடுங்க."

பெட்ரோல் கார் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 62,000 கிலோமீட்டர் என்பது 310 சைக்கிள்தான். அது பேட்டரிக்குப் பெரிய சுமை அல்ல. பதினெட்டாயிரம் ஓடிய கார் ஐந்து வருடம் எங்கே நின்றது? நிழலிலா, மொட்டை வெயிலிலா? 50 சதவீதத்திலா, 100 சதவீதத்திலா? இதைக் கிலோமீட்டர் மீட்டர் சொல்லாது.

கடைக்காரரிடம் பேட்டரி எவ்வளவு நலமாக இருக்கிறது என்று கேட்டேன். காரை ஆன் செய்து, "பாருங்க சார், 100 பர்சென்ட் காட்டுது" என்றார். நிரம்பிய குளத்தைக் காட்டுவது போலத்தான் இது. அந்த 100 என்பது இன்று மிச்சம் இருக்கும் கொள்ளளவில் 100. வண்டல் எவ்வளவு என்பது வேறு எண். அதற்குப் பேட்டரி நலம், அதாவது ஸ்டேட் ஆஃப் ஹெல்த் என்று பெயர். காருக்குள் இருக்கும் பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் அதைத் தொடர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பல கார்களில் டிரைவருக்கு மட்டும் அதைக் காட்டுவதில்லை.

ஒரு இரவு சார்ஜ் போட்டு அளந்து பார்க்க அனுமதி கேட்டேன். முடியாது என்றார். சரி, நண்பரின் காருக்காவது தெரிந்துகொள்வோம் என்று அவரோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மெக்கானிக் காரில் ஒயரைச் செருகினார், அவருடைய கம்ப்யூட்டர் திரையில் ஏதேதோ எண்கள் ஓடின. அந்த எண்ணைக் கேட்டதற்கு, "அதெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்கறதில்லைங்க. நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்கோங்க" என்றார்.

காசு கொடுத்து வாங்கியவர் என் நண்பர். கார் அவருடையது. பேட்டரி அவருடையது. அந்தப் பேட்டரி பற்றிய ஒரே ஒரு எண் அவருக்கு இல்லை!

அப்பா போட்ட சாக்பீஸ் கணக்கு

அப்போதுதான் அப்பா கட்சி மாறினார். "அவனுக குடுக்காட்டிப் போகட்டும். நம்ம பட்டறை மீட்டர் என்னத்துக்கு இருக்குது?" என்றார். நண்பரின் காரை ஒரு சனிக்கிழமை இரவு எங்களிடம் விட்டார். நீங்களும் செய்து பார்க்கக்கூடிய முறை என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

சார்ஜ் 30 சதவீதத்துக்கு வரும்வரை காரை ஓட்டினோம். பட்டறையில் சரியான எர்த் கொடுத்த 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரைச் செருகினோம். அந்த லைனுக்குத் தனி சப் மீட்டர் உண்டு. அப்பா ஆரம்ப ரீடிங்கைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். விடிகாலையில் 100 சதவீதம் ஆகிச் சார்ஜ் தானாக நின்றதும் முடிவு ரீடிங்கை எழுதினார். வித்தியாசம் 21.7 யூனிட்.

சார்ஜ் ஆகும்போது சூடாகி வீணாவது 10 முதல் 15 சதவீதம். நடுவாக 12 என்று கழித்தால் பேட்டரிக்குள் போனது சுமார் 19.1 யூனிட். இது 70 சதவீதத்துக்கான அளவு. அப்படியானால் முழுக் கொள்ளளவு சுமார் 27.3 யூனிட். புதிதில் 30. ஆக, பேட்டரி நலம் 91 சதவீதம். வீணாவதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டால் 88-ல் இருந்து 93-க்குள் வரும். ஆய்வகத் துல்லியம் இதில் கிடையாது. டேஷ்போர்டு காட்டும் 30 சதவீதத்திலேயே சிறு பிழை இருக்கலாம். ஆனால் குருட்டு நம்பிக்கையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அஞ்சு வருசத்துக்கு ஒம்பது பர்சென்டா? நம்ம இன்வெட்டரு பேட்டரி ஒரு வருசத்துலயே இதைவிட எறங்கிருச்சே" என்றார். அந்த 62,000 கிலோமீட்டர் காரையே வாங்கினோம்.

கடையில் நின்ற 18,000 கிலோமீட்டர் கார் ஒருவேளை இதைவிட நல்ல பேட்டரியோடு இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால், ஒரு எண்ணைக் காட்ட முடியாததால் அந்தக் கடைக்காரர் ஒரு விற்பனையை இழந்தார். மோசமான பேட்டரியாக இருந்தால், வேறு யாரோ ஒரு குடும்பம் குறைந்த கிலோமீட்டரை நம்பி அதை வாங்கியிருக்கும். இரண்டில் எதுவானாலும் நஷ்டம் சாதாரண மனிதருக்குத்தான்.

போனில் முடிந்தது காரில் முடியாதா?

எண்ணைக் காட்டினால் மக்கள் வீணாகப் பயந்துவிடுவார்கள், 98 என்று பார்த்ததும் சண்டைக்கு வருவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. இதை நான் ஏற்கவில்லை.

ஐபோன் கதையைப் பாருங்கள். பேட்டரி பழசான போன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்க எதிர்ப்பு. 2018-ல் ஒரு அப்டேட் மூலம் பேட்டரி ஹெல்த் என்ற எண்ணை போனிலேயே காட்டத் தொடங்கினார்கள். யாரும் போனைத் தூக்கி எறியவில்லை. இன்று கிராஸ்கட் ரோடு பக்கம் பழைய ஐபோன் வாங்கப் போகும் கல்லூரி மாணவர்கூட முதலில் கேட்பது, "பேட்டரி ஹெல்த் எவ்வளவுங்க?" ஒரே ஒரு எண் பழைய போன் வியாபாரத்தை எவ்வளவோ நேர்மையாக்கிவிட்டது. சில பத்தாயிரம் ரூபாய் போனுக்குக் கிடைக்கும் மரியாதை, பல லட்சம் ரூபாய் காருக்குக் கிடைக்க வேண்டாமா?

மற்ற நாடுகள் நகர ஆரம்பித்துவிட்டன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 2026 மாடல் முதல் எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரி நலத்தை ஓட்டுபவருக்குக் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி முதல் எலெக்ட்ரிக் வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம் என்கிறது.

நம் நாட்டில் வாரண்டி பெரிதாகிக்கொண்டே போகிறது. மஹிந்திரா 2024 நவம்பரில் தன் புதிய எலெக்ட்ரிக் கார்களை அறிமுகம் செய்தபோது, முதல் சொந்தக்காரருக்கு பேட்டரிக்கு ஆயுள்கால வாரண்டி என்றது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் 'முதல் சொந்தக்காரர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கைமாறினால் வாரண்டிக்கு வருட, கிலோமீட்டர் வரம்பு வந்துவிடும். பழைய கார் வாங்குபவர் யார்? அப்பாவைப் போல் சேமிப்பை எண்ணி எண்ணிச் செலவு செய்பவர். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுபவர் அவர்தான்.

எனவே நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, பேட்டரி நல எண் டேஷ்போர்டில் தெரிய வேண்டும். இரண்டு, ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் அது அச்சாக வேண்டும். மூன்று, ஆர்.சி. புத்தகம் பெயர் மாறும்போது அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். எண் ஏற்கெனவே காருக்குள் இருக்கிறது. திறந்து காட்டினால் போதும்.

கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

- முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். பேட்டரிக்கு வெயில்தான் முதல் எதிரி.

- 100 சதவீதம் நிரப்பி நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள். வெளியூர் போய் ஒரு மாதம் காரை எடுக்க மாட்டீர்கள் என்றால் 50 சதவீதம் அளவில் விட்டுச் செல்லுங்கள்.

- உங்கள் காரில் இருப்பது எந்த வகை லித்தியம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்.எஃப்.பி. வகையில், மீட்டர் சரியாகக் காட்ட அவ்வப்போது 100 சதவீதம் நிரப்பச் சொல்வார்கள். என்.எம்.சி. வகைக்கு அன்றாடம் 80 சதவீதம் போதும். காரோடு வந்த புத்தகம் சொல்வதே இறுதி.

- வேகமான சார்ஜரை நெடும்பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடத்துக்கு வீட்டுப் பிளக்கே நல்லது.

- சர்வீஸுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பேட்டரி நல எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கிடைக்கும்.

கார் இல்லாதவர்கள் இன்றே செய்யலாம்

கார் இல்லை, லேப்டாப்தான் இருக்கிறது என்பவர்கள் இந்த எண்ணை உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் தேடி கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும் அதை ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். பிறகு ஒரு இடைவெளி, ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த போல்டரில் சேமிக்கப்பட்டது என்று திரையில் வரும். அதை பிரவுசரில் திறந்தால் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் பேட்டரியின் நலம்.

நான் என் லேப்டாப்பில் பார்த்தேன். மூன்று வருடத்தில் 74 சதவீதம். எப்போதும் சார்ஜரிலேயே கிடந்ததன் பலன். அப்பாவிடம் காட்டியதும் அவர் சொன்னது, "உன்ர கம்ப்யூட்டருக்கு எங்க காரு தேவலை."

பட்டறைச் சுவரில் அந்த சாக்பீஸ் எண்ணை அவர் அழிக்கவில்லை. பக்கத்தில் தேதியும் போட்டு, அடுத்த வருடத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.